கேசை மறைத்தால் நாற்காலி காலி! ஆனால் 45 நாளில் கோர்ட்டு படி ஏறணும்... தேக்கம்பட்டி தீர்ப்பு சொல்லும் சேதி

சேலம்,

ஓட்டு எண்ணியாச்சு. மாலை போட்டாச்சு. ஊருக்குள் வேட்டு வெடிச்சாச்சு. பஞ்சாயத்து ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்தும் போட ஆரம்பிச்சாச்சு. இதற்கு மேல் அந்த தலைவரை கீழே இறக்க முடியுமா?

முடியும் என்கிறது சட்டம். அப்படி இறக்கிய தீர்ப்பும் கொங்கு மண்டலத்தில் இருந்தே வந்திருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் தாலுகா தேக்கம்பட்டி பஞ்சாயத்து தலைவர் தேர்தல் வழக்குதான் அது. சுப்ரீம் கோர்ட்டு வரை போய், இன்று நாடு முழுக்க உள்ளாட்சி தேர்தல் வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பாக நிற்கிறது. ஆனால் அதே வழக்கின் காலண்டரை புரட்டிப் பார்த்தால் வேறு ஒரு கதையும் தெரிகிறது. சட்டம் ஜெயித்தது. எப்போது ஜெயித்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

9 வழக்கில் ஒன்று மட்டும்

2006-ம் ஆண்டு அக்டோபர் 13-ந்தேதி உள்ளாட்சி தேர்தல் நடந்தது. தேக்கம்பட்டி தலைவர் பதவிக்கு கிருஷ்ணமூர்த்தி என்பவர் போட்டியிட்டு ஜெயித்தார். இவர் மனு தாக்கல் செய்தது செப்டம்பர் 22-ந்தேதி.

அதற்கு மூன்று வாரம் முன்புதான், செப்டம்பர் 1-ந்தேதி, மாநில தேர்தல் கமிஷன் ஒரு அறிவிப்பு போட்டிருந்தது. உள்ளாட்சிக்கு நிற்பவர்களும் தங்கள் மீது உள்ள கிரிமினல் வழக்கு விவரத்தை உறுதிமொழியாக எழுதித் தரவேண்டும் என்று. எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு 2002, 2003-ம் ஆண்டுகளில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன விதி அப்படியே பஞ்சாயத்து வரை இறங்கி வந்தது.

கிருஷ்ணமூர்த்தி ஒரு வழக்கை எழுதினார். 2001-ம் ஆண்டு பதிவான கையாடல் புகார். ஆனால் அந்த ஒரே புகாரை போலீசார் விசாரித்து, காலத்தை துண்டு துண்டாகப் பிரித்து மேலும் 8 குற்றப்பத்திரிகை போட்டிருந்தார்கள். ஆக மொத்தம் 9. எல்லாவற்றிலும் அவர் ஜாமீனில் இருந்தார். அந்த 8 வழக்கு பற்றி படிவத்தில் ஒரு வரி கூட இல்லை.

இதை எதிர்த்து சிவக்குமார் என்பவர் கோவை மாவட்ட கோர்ட்டில் தேர்தல் வழக்கு போட்டார். அதே 2006-ம் ஆண்டிலேயே போட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்த்தரப்பு வாதம் லேசானது அல்ல. "மூல வழக்கை சொல்லிவிட்டேனே, மற்றதெல்லாம் அதில் இருந்து கிளைத்ததுதானே" என்ற மாதிரி வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் பாதிப்பேர் தலையாட்டுவார்கள். கோர்ட்டு ஆட்டவில்லை. மனுவையே ஏற்றிருக்கக் கூடாது, தேர்தல் செல்லாது, தலைவர் பதவிக்கு மறு தேர்தல் நடத்துங்கள் என்றது மாவட்ட கோர்ட்டு. ஐகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. கிருஷ்ணமூர்த்தி டெல்லிக்குப் போனார்.

2015-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந்தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, பி.சி.பந்த் ஆகியோர் தீர்ப்பு சொன்னார்கள். அப்பீல் தள்ளுபடி.

லஞ்சம் கொடுத்த மாதிரிதான்!

அந்த தீர்ப்பில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கடுமையான குற்றம், ஊழல், ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட வழக்கை வேட்பாளர் மறைத்தால் அது வெறும் "படிவத்தில் தப்பு" இல்லை. ஓட்டுப் போடுபவரின் சுதந்திரத்தில் கை வைப்பது. சட்ட பாஷையில் "தகாத செல்வாக்கு". ஓட்டுக்கு பணம் கொடுப்பது எந்தப் பட்டியலில் வருகிறதோ, அதே முறைகேடு பட்டியலில் இதுவும் வருகிறது.

இதனால் என்ன லாபம்? வழக்கு போடுபவருக்கு ஒரு பெரிய சுமை குறைந்தது. சாதாரணமாக ஒரு மனுவை தப்பாக ஏற்றுவிட்டார்கள் என்று வழக்கு போட்டால், "அதனால் தேர்தல் முடிவே மாறியது" என்று நிரூபிக்க வேண்டும். எத்தனை பேர் இதைப் பார்த்து ஓட்டை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று யார் கணக்கு சொல்வது? நடக்கிற காரியமா? மறைத்ததே முறைகேடு என்று ஆகிவிட்டதால் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. தன் மேல் எத்தனை கேஸ் இருக்கிறது என்பது வேட்பாளருக்குத்தான் நன்றாகத் தெரியும், ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும் என்பதும் அந்த தீர்ப்பின் அடிப்படை.

காலண்டர் சொல்லும் கதை

இனிமேல்தான் கசப்பு.

தேர்தல் நடந்தது 2006. அந்த பதவிக்காலம் 5 ஆண்டு. 2011-ல் முடிந்தது. அடுத்த தேர்தலும் 2011 அக்டோபரில் நடந்து, வேறு தலைவர்கள் வந்து, அவர்கள் பதவிக்காலத்திலும் மூன்று வருஷம் தாண்டிய பிறகுதான் 2015-ல் கடைசி தீர்ப்பு வந்தது. 8 வருஷம் 4 மாசம். எந்த நாற்காலிக்காக வழக்கு நடந்ததோ அந்த நாற்காலியின் ஆயுசு 5 வருஷம்தான்!

இது ஒரு ஊர் கதை மட்டும் அல்ல. நெல்லை மாவட்டம் ராதாபுரம் சட்டசபை தொகுதியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2016-ல் 49 ஓட்டில் தோற்றார் அப்பாவு. மறு எண்ணிக்கைக்கு ஐகோர்ட்டு உத்தரவு போட்டது 2019 அக்டோபரில். எண்ணவும் எண்ணினார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. அப்படியே 2021 வந்து சட்டசபையே முடிந்து போனது. (அப்பாவு அடுத்த தேர்தலில் ஜெயித்து சபாநாயகரே ஆனார் என்பது தனிக்கதை.)

வேகமாக முடிந்த வழக்கும் உண்டு. அரியானா மாநிலம் பானிபட் மாவட்டத்தில் புவானா லாகு என்ற கிராமம். 2022 நவம்பரில் பஞ்சாயத்து தலைவர் தேர்தல். ஓட்டு எண்ணிக்கையில் தகராறு. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டே ஓட்டு எந்திரங்களை டெல்லிக்கு வரவழைத்து, கோர்ட்டு வளாகத்திலேயே எண்ண வைத்தது. தோற்றதாக சொல்லப்பட்டவருக்கு 1,051 ஓட்டு, நாற்காலியில் இருந்தவருக்கு 1,000 ஓட்டு. 2025 ஆகஸ்டு மாதம் பதவி கைமாறியது. இந்த "வேகமான" வழக்குக்கே 33 மாதம் ஆனது. பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் போயே போச்சு.

பஞ்சாயத்து தலைவர் பதவி என்றால் என்ன சும்மாவா? செக்கில் துணைத்தலைவரோடு சேர்ந்து கையெழுத்து போடுபவர் அவர். தெரு விளக்கு, குடிதண்ணீர் குழாய், வீட்டு வரி, வீடு கட்ட அனுமதி எல்லாம் அந்த மேஜையைத் தாண்டித்தான் வரவேண்டும். விசைத்தறி ஓட்டுபவர், கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர், ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர் யாருக்கும் எம்.பி. யார் என்பதை விட இந்த நாற்காலியில் யார் என்பதுதான் தினசரி பிரச்சினை. தண்ணி வரவில்லை என்றால் குடத்தோடு அங்கேதானே போய் நிற்கிறார்கள்!

கலெக்டர் ஆபீசுக்கு போய் ஏமாறாதீங்க

இங்கே ஒரு தப்பு தொடர்ந்து நடக்கிறது. தோற்றவர் தரப்புக்கு தேர்தலில் மோசடி என்று சந்தேகம் வந்தால் முதலில் எங்கே போகிறார்கள்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு! கையில் மனு, பின்னால் இருபது பேர், வாசலில் போட்டோ. மனுவை வாங்கிக்கொண்டு ஒரு நம்பர் தருவார்கள். "விசாரித்து நடவடிக்கை" என்பார்கள். அடுத்த திங்கட்கிழமை மறுபடி போவார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமையும்.

அந்தக் கதவு இதற்கு உரிய கதவே இல்லை.

பஞ்சாயத்து சட்டம் 205-வது பிரிவின் கீழ் தலைவரை நீக்க கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. உண்மைதான். ஆனால் அது பதவிக்கு வந்த பிறகு சட்டத்தை மீறினாலோ, அதிகாரத்தை துஷ்பிரயோகம் செய்தாலோ எடுக்கும் நடவடிக்கை. அதற்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ், தாசில்தார் வைத்து பஞ்சாயத்து கூட்டம், வார்டு உறுப்பினர்களின் கருத்து என்று படிகள் இருக்கின்றன. தேர்தலில் ஜெயித்ததே செல்லாது என்று சொல்ல வேண்டுமானால் மாவட்ட கோர்ட்டில் தேர்தல் வழக்குதான் ஒரே வழி. வேறு வழியில் தேர்தலை எதிர்க்க முடியாது என்று அரசியல் சட்டமே கதவை சாத்தி வைத்திருக்கிறது. நேராக ஐகோர்ட்டுக்கு ஓடினாலும், மாவட்ட கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் பொதுவாகத் திருப்பி விடுவார்கள்.

அந்த வழக்குக்கு கெடு 45 நாள். முடிவு வெளியான தேதியில் இருந்து எண்ண வேண்டும்.

மூன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ், இரண்டு வாரம் கட்சி பெரியவர்களின் சமாதானம், நடுவில் ஒரு கோவில் திருவிழா... 45 நாள் எங்கே போனது என்றே தெரியாது. அதற்குப் பிறகு எவ்வளவு பலமான ஆதாரம் கையில் கிடைத்தாலும் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

2019 டிசம்பர் 27, 30-ந்தேதிகளில் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 2-ந்தேதி ஓட்டு எண்ணிக்கை. அதில் இருந்து கணக்கு போட்டால் பிப்ரவரி பாதியிலேயே கெடு முடிந்தது. அடுத்த மாசமே கொரோனா ஊரடங்கு வந்து கோர்ட்டு வேலைகளே முடங்கின. உரிய நேரத்தில் வழக்கு போட்டவர்களே வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று காத்திருக்க நேர்ந்த காலம் அது.

கேஸ் இருந்தால் நிற்கக் கூடாதா?

இதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் தேர்தலில் நிற்க முடியாது என்று ஒன்றும் கிடையாது. தண்டனை கிடைத்தால் அது வேறு கணக்கு. வழக்கு மட்டும் இருந்தால் தாராளமாக நிற்கலாம், ஜெயிக்கலாம். மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சேலம் பக்கம் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2018-ல் சேலம்-சென்னை எட்டு வழிச்சாலை திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். பலர் கைதானார்கள், வழக்கும் பாய்ந்தது. நிலத்துக்காக போராடி வழக்கு வாங்கியவர் அதை படிவத்தில் எழுதினால் என்ன குறைந்து போகும்? ஊரில் நாலு ஓட்டு கூடத்தான் விழும். எழுதாமல் விட்டால் எதிராளி கையில் தானாகவே ஒரு ஆயுதம் கொடுத்த மாதிரி. போராட்ட வழக்கை கையாடல் வழக்கோடு கோர்ட்டு ஒன்றாக எடைபோடாமல் போகலாம். ஆனாலும் அந்த வழக்கு எந்த வகையில் சேரும் என்று வாதாடவே வருஷக்கணக்கில் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு பஸ் ஏற வேண்டுமே!

சாலை மறியல் வழக்குகளில் இன்னொரு சிக்கல். "இன்னார் இன்னார் மற்றும் சிலர்" என்று எப்.ஐ.ஆர். போடுவார்கள். அந்த "சிலரில்" தன் பெயர் பின்னால் சேர்ந்தது கூட பலருக்குத் தெரியாது. நிற்க நினைப்பவர் மனு போடும் முன் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் விசாரித்து வைப்பது நல்லது.

சின்ன தண்டனைதானே என்று நினைத்தவருக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்கலாம். மத்தியப்பிரதேச மாநிலம் பிகன்கான் நகராட்சியில் ஒரு பெண் கவுன்சிலர். செக் மோசடி வழக்கில் கீழ்க்கோர்ட்டு ஒரு வருஷம் தண்டனை கொடுத்திருந்தது. அதை வேட்பு மனுவில் சொல்லவில்லை. பின்னர் மேல் கோர்ட்டில் அந்த தண்டனை ரத்தானது. "ரத்தாகி விட்டதே, அப்புறம் என்ன?" என்று கேட்டார். மனு போட்ட அன்று தண்டனை இருந்ததா இல்லையா, அதை மறைத்தாயா இல்லையா என்று பார்த்த சுப்ரீம் கோர்ட்டு, 2025 நவம்பரில் அவர் பதவி போனது போனதுதான் என்றது. சீட்டு கம்பெனி, பைனான்ஸ், லாரி தவணை என்று செக் புழங்கும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் இந்த தீர்ப்பை ஒன்றுக்கு இரண்டு முறை படித்து வைப்பது உத்தமம்.

அதற்காக படிவத்தில் எந்த சின்ன விடுபடலுக்கும் பதவி போய்விடும் என்றும் நினைக்கக் கூடாது. அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவர் சில வண்டிகளை சொத்துக்கணக்கில் காட்டவில்லை என்ற வழக்கில், வேட்பாளர் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் எழுத வேண்டியது இல்லை, ஓட்டரின் முடிவை பாதிக்கிற அளவுக்கு பெரிய விஷயமா என்று பார்க்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அவர் பதவியும் தப்பியது. சொத்தில் காட்டும் தயவை கிரிமினல் வழக்கில் காட்டவில்லை என்பதை கவனிக்க வேண்டும்.

பிரியாணி கணக்கு

பணம் பற்றி பேசாமல் உள்ளாட்சி தேர்தல் பற்றி பேச முடியுமா? 2019 தேர்தலில் பஞ்சாயத்து தலைவர் வேட்பாளர் செலவு செய்ய அனுமதித்த உச்சவரம்பு 34 ஆயிரம் ரூபாய். வார்டு உறுப்பினருக்கு 9 ஆயிரம். ஒன்றிய கவுன்சிலருக்கு 85 ஆயிரம், மாவட்ட கவுன்சிலருக்கு 1 லட்சத்து 70 ஆயிரம்.

34 ஆயிரம் ரூபாயில் தேர்தல் முடிந்தது என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கே போதாது. அந்த தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாக செய்தி வந்து பரபரப்பானது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் செலவு கணக்கே தாக்கல் செய்யாதவர் மீண்டும் நிற்க முடியாமல் தேர்தல் கமிஷன் தடை போட முடியும். தோற்றவருக்கும் இது பொருந்தும். தோற்ற சோகத்தில் கணக்கை மறந்துவிட்டு அடுத்த தேர்தலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஓட்டுக்கு பணம் கொடுத்தது நிரூபணம் ஆனால் தேர்தல் செல்லாது என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நிரூபிப்பதுதான் மலை. வாங்கியவர் கோர்ட்டுக்கு வந்து "ஆமாங்க, நான் வாங்கினேன்" என்று கூண்டில் ஏறி சொல்ல வேண்டும். எத்தனை பேர் வருவார்கள்? அதனால்தான் தேக்கம்பட்டி மாதிரி வழக்குகளுக்கு மதிப்பு. அங்கே சாட்சி வேண்டியதில்லை. வேட்பாளரே கையெழுத்து போட்ட படிவம் ஒரு பக்கம், கோர்ட்டில் இருக்கும் குற்றப்பத்திரிகை இன்னொரு பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். காகிதம் பல்டி அடிக்காது.

707 நாற்காலிகள்

2019 தேர்தலில் சேலம் மாவட்டத்தில் 385 கிராம பஞ்சாயத்து, நாமக்கல் மாவட்டத்தில் 322. சேர்த்தால் 707 தலைவர் நாற்காலி. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2016-ல் பதவிக்காலம் முடிந்தபோதும் இப்படித்தான் போனது. அப்போது தேர்தல் வர 3 வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த இடைவெளியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதவிக்காலம் முடிந்த பிறகு நிலுவையில் இருக்கும் தேர்தல் வழக்குகளில் "இனிமேல் என்ன பிரயோஜனம்" என்ற கேள்வி தானாகவே எழும். வழக்கு போட்டவர் வக்கீல் பீஸ் கட்டி அலுத்திருப்பார். எதிர்த்தரப்பு ஐந்து வருஷமும் இருந்து முடித்திருக்கும். இருவரும் கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து பக்கத்து இலையில் கூட உட்கார்ந்திருப்பார்கள்.

வழக்கை ஆறு மாசத்திலோ ஒரு வருஷத்திலோ முடித்துவிட்டால் இந்த நிலை இருக்காது. எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல் வழக்குகளையே 6 மாதத்தில் முடிக்க முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ராதாபுரத்தில் என்ன ஆனது என்று பார்த்தோமே! மாவட்ட கோர்ட்டில் கொலை வழக்கும், விபத்து இழப்பீடும், சொத்து தகராறும் குவிந்து கிடக்கும்போது ரோஸ் கலர் ஓட்டுச்சீட்டு வழக்குக்கு எப்போது முறை வரும்?

ஆகவே இருக்கிற நிலைமையில் மடக்க வேண்டிய இடம் கோர்ட்டுக்கு முன்னாடியே இருக்கிறது. மனு பரிசீலனை நாள். வேட்பாளர்கள் எல்லோரும் தேர்தல் அதிகாரி முன்னால் உட்காரும் அந்த ஒரு நாள். தேக்கம்பட்டியில் மாவட்ட கோர்ட்டு சொன்னதும் அதுதான், அந்த மனுவை அன்றைக்கே தள்ளியிருக்க வேண்டும் என்று. அன்று எதிராளியின் படிவத்தை வாங்கிப் படித்து, கேஸ் நம்பரோடு எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுத்தால் அதிகாரி அதற்கு பதில் சொல்லியாக வேண்டும். அவர் ஏற்காமல் போனாலும் அந்த ஆட்சேபணை காகிதம் பின்னால் 45 நாள் வழக்குக்கு முதல் ஆதாரம்.

ஆனால் பரிசீலனை நாளில் நம்ம ஊர் ஒன்றிய ஆபீஸ் வாசலில் என்ன நடக்கும்? "நீ வாபஸ் வாங்கு, உனக்கு துணைத்தலைவர்" என்று வேப்பமரத்தடியில் பேரம் நடந்து கொண்டிருக்கும். உள்ளே படிவத்தைப் படிக்க ஆள் இருக்காது.